ஆறு விரல் மருந்து

எங்கள் வீட்டில் துப்பாக்கியைக் கழுவுவது என் வேலை. கல்யாணமாகி வந்தபோது பீரோ சாவியை என்னிடம் கொடுக்க மாமியாருக்கு வருடக்கணக்கில் மனம் வரவில்லை. இந்த வேலையை மட்டும் வந்த மறுவாரமே என் தலையில் கட்டிவிட்டார். சுட்டு முடித்த குழலுக்குள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்ற வேண்டும். கம்பி நுனியில் பழைய துணியைச் சுற்றி உள்ளே விட்டு மேலும் கீழும் இழுக்க வேண்டும். கறுப்புத் தண்ணீர் வரும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் கையை விட்டு லேசில் போகாது. குழம்புக்குப் புளி கரைத்தாலும் அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

தேவாரம் ஊருக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் எங்கள் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயே. மழையை நம்பிப் போட்ட கடலை ஒரு பக்கம், கிணற்றுத் தண்ணீர் பாய்கிற பக்கம் கொஞ்சம் தக்காளி. அதற்கு மேலே காடு. காட்டுப்பன்றிக்குக் கடலை என்றால் உயிர். காய் பால் பிடிக்கிற வாசனை அதற்கு எப்படித்தான் எட்டுமோ, எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். ஒரு குடும்பம் உள்ளே இறங்கினால் உழவு ஓட்டினது மாதிரி நிலத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும்.

துப்பாக்கி என் மாமனார் காலத்தது. வாய் வழியாக வெடிமருந்து போட்டு இடித்துக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. அவர் இறந்த பிறகு பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸை என் வீட்டுக்காரர் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். விரட்டுவதற்குத்தான் லைசென்ஸ். ஒரு பன்றி செத்து விழுந்தால் காட்டிலாகாக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அது எங்களுக்குத் தெரியும். அதனால் பல வருடம் அந்தத் துப்பாக்கி சத்தம் போடுகிற வேலையை மட்டும்தான் பார்த்தது.

ஆனால் சத்தம் போடுகிற சாமானுக்கு என் வீட்டுக்காரர் செய்த சேவகம் இருக்கிறதே, பெற்ற பிள்ளைக்கு அப்படிச் செய்தாரா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்துவிடுவார். துப்பாக்கிக் குதிரையைக் கழற்றி எண்ணெய் போடுவார். மருந்தைப் பற்றவைக்கிற கேப் எல்லாவற்றையும் பொடி டப்பாவுக்குள் போட்டு, நமத்துப்போகாமல் இருக்க அரிசிப் பானையில் புதைத்து வைப்பார். அரிசி களைகிறபோது ஒரு கேப் என் கையில் அகப்பட்டு நான் போட்ட சண்டை தோட்டத்தைத் தாண்டிக் கேட்டது. எனக்குச் சக்களத்தி இல்லாத குறையை இந்தத் துப்பாக்கி தீர்த்துவைத்தது என்று பக்கத்துத் தோட்டத்துப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அந்தத் துப்பாக்கிக்கு அளவு என்பது கம்பிதான். கம்பி என்றால் மருந்தைக் கெட்டிக்கிற நீள இரும்புக் கம்பி. வெறும் குழலுக்குள் அதை விட்டால் அடி வரைக்கும் இறங்கி, மேல்நுனி குழல் வாயோடு மட்டமாக நிற்கும். மருந்தைக் கொட்டி, மேலே தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்து முடித்த பிறகு கம்பி எத்தனை விரல் அகலம் வெளியே நிற்கிறதோ அத்தனை விரல் மருந்து. கரண்டி, தராசு எதுவும் கிடையாது. ஒரு தடவை வாங்குகிற மருந்து மாவு மாதிரி இருக்கும். அடுத்த தடவை குருணையாக இருக்கும். அதனால் கையில் அள்ளுகிற அளவை யாரும் நம்ப மாட்டார்கள், கம்பியைத்தான் நம்புவார்கள். எங்கள் பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாரும் இப்படித்தான். வெறும் சத்தத்துக்கு மூன்று விரல். சின்ன ஈய ரவை போட்டுச் சிதறடிக்க நான்கு.

ஆறு விரல் என்ற பேச்சு வந்தது ஒற்றைப் பன்றி வந்த பிறகுதான். கூட்டத்திலிருந்து பிரிந்த ஆண் பன்றி. மற்றப் பன்றிகள் சத்தத்துக்கு ஓடும். இது ஓடாது. வரப்பில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து தின்னும். அடுத்த தோட்டத்தில் களை எடுக்க வந்த ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டு ஓடியதில் அவளுக்குக் கை முறிந்தது. அதற்குப் பிறகு கூலிக்கு ஆள் வருவது நின்றது. பறிக்க ஆள் இல்லையென்றால் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துப்போகும். அந்தப் பன்றியைக் கொல்லாமல் இந்த வெள்ளாமை வீடு வந்து சேராது என்று என் வீட்டுக்காரர் முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வர அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை தேவைப்பட்டது.

அப்போது எங்களோடு இருந்தது என் அண்ணன். கேரளா பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்துவிட்டு, முதுகு வலி என்று இறங்கி வந்திருந்தான். முதலாளியின் தோட்டாத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்தவன் என்ற மிதப்பு அவனுக்கு. எங்கள் துப்பாக்கியை முதல் தடவை கையில் வாங்கியபோது, "இது என்ன மாப்ள, உலக்கையா?" என்றான். என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் பன்றி அடிக்கத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். விழுங்கிக்கொண்டார்.

ரவையா குண்டா என்று முதலில் ஒரு நாள் முழுக்க வாதம். ரவை என்றால் குறி கொஞ்சம் தப்பினாலும் படும் என்றார் இவர். ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல் தோல் பலகை மாதிரி தடித்திருக்கும், ரவை அதற்குச் சொறிந்துவிட்டது போலத்தான் இருக்கும் என்றான் அண்ணன். கடைசியில் குண்டு என்று முடிவானது. பழைய மீன்வலையில் கோத்திருந்த ஈயக்குண்டுகளை உருக்கி, அச்சில் ஊற்றி, உரசி உருட்டினார்கள். குழலுக்குள் லேசாக ஆடியது. ஆடுகிற குண்டு குறியில் போகாது என்பதால், என் மாமனாரின் பழைய வேட்டியை வட்டம் வட்டமாக நறுக்கிக் கொடுத்தேன். எண்ணெயில் நனைத்த துணியைப் போர்த்தி இறக்கியதும் குண்டு சிக்கென்று உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் அண்ணன் முதல் தடவையாக உலக்கை என்ற சொல்லை விட்டான்.

பிறகு மருந்து. கடலைக்கொடி அடைத்த சாக்கை ஓடைக்கரையில் நிறுத்தி, அதன் பின்னால் ஒரு மாம்பலகையைச் சாய்த்து வைத்துப் பகலில் சுட்டுப் பார்த்தார்கள். நான்கு விரல் போட்டதில் குண்டு சாக்கைத் துளைத்து, பலகையில் பட்டுக் கீழே விழுந்தது. ஐந்து விரலில் பலகைக்குள் பாதி இறங்கியது. ஏழு போட்டார்கள், கட்டை உதைத்து என் வீட்டுக்காரரின் தோள் கன்றிப்போனது, குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆறு விரலில் பலகையைத் துளைத்து மறுபக்கம் கரை மண்ணில் புதைந்தது. அதுவும் குறிக்கு ஒரு சாண் இடது பக்கம் தள்ளி. குறி பார்க்கிற முன்நுனிப் பித்தளைக் குமிழை அரத்தால் ராவி ராவி அதையும் இவர் நேர் செய்தார். அந்த ஒரு வாரம் நான் கழுவின கழுவலில் என் உள்ளங்கைத் தோல் உரிந்தது.

யாருடைய ஆறு விரல் என்பதிலும் தகராறு. அண்ணனுக்கு விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய். அவனுடைய ஐந்து இவருடைய ஆறு.

"லைசென்ஸ் எம் பேருல இருக்கு. அதனால விரலும் எம் விரல்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"சரி மாப்ள, சர்க்காரு உங்க விரலுக்குத்தான் லைசென்ஸ் குடுத்துருக்காக" என்றான் அண்ணன். மூன்று பேரும் சிரித்தோம். அந்தத் துப்பாக்கியை வைத்து நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது என்று நினைக்கிறேன்.

எல்லாம் சரிக்கட்டி முடித்த வாரத்தில் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லியில் ஆட்சி நிலைக்கவே இல்லை. அங்கே கவிழ்கிறபோதெல்லாம் இங்கே லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். பன்றிக்குத் தேர்தல் இல்லை. கடலை பால் பிடிக்கிற நேரத்தில் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. நான் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். கம்பியைச் சொருகி வைக்கிற அடிவளையம் எப்போதோ உடைந்துபோயிருந்ததால், கம்பியைத் துப்பாக்கியோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினார் என் வீட்டுக்காரர்.

அந்த வாரங்களில் நாங்கள் பட்ட பாடு! அண்ணன் மூங்கிலைப் பிளந்து ஓர் உண்டிவில் செய்தான். அம்புக்குப் பதில் களிமண் உருண்டை வைத்து அடிக்கிற வில். முதலில் செய்தது பச்சை மூங்கில்; இரண்டு நாளில் வளைவு போய்த் தொங்கியது. பிறகு முற்றின மூங்கிலை நெருப்பில் வாட்டி, கற்றாழை நாரை விட்டு நைலான் கயிறு போட்டு, இழுவை சரியாக வரும்வரை இரண்டு பக்கமும் செதுக்கினான். குறி அருமையாக வந்தது. ஒரு சாயங்காலம் ஒற்றைப் பன்றியின் முதுகிலேயே உருண்டை பட்டுத் தெறித்தது. அது தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. உடம்பைச் சிலிர்த்துவிட்டு மறுபடியும் கிளற ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கால்வாசிக் கடலை அந்தத் தேர்தலில் போனது.

ஓட்டு எண்ணி முடித்து, துப்பாக்கி வீடு வந்தது. நான் அன்றைக்கு மிச்சக் கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நாலு பேர் கிடைத்தால் போதும் என்று காலில் விழாத குறையாகக் கூட்டி வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பிலேயே வந்தார்.

"நான் கட்டுன கயித்தை அத்துட்டு புதுக்கயிறு போட்டுருக்காக. ஸ்டேஷனுக்கு வெள்ளையடிச்சாகளாம்" என்றார். கயிற்றைப் பற்றி மட்டும்தான் சொன்னார். கழுவிக் கொடுத்த துப்பாக்கிதானே என்று அதை மறுபடி என்னிடம் கழுவக் கொடுக்கவும் இல்லை. எண்ணெய் மட்டும் விட்டு, ஒரு வெறும் கேப் அடித்து, துவாரம் அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மருந்து போட்டார். எப்போதும் போல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். புதுப் பொட்டலம். கொட்டினார், நார் வைத்தார், இடித்தார், விரல் வைத்துப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"இந்த மருந்து பொசுபொசுன்னு இருக்கு மச்சான். கொஞ்சத்துலயே ஆறு விரல் வந்துருச்சு."

"மதி மதி" என்றான் அண்ணன். போதும் என்பதை மலையாளத்தில்தான் சொல்லுவான். "மிச்சம் வந்தா நல்லதுதான மாப்ள."

இவர் இன்னொரு தடவை விரலை வைத்துப் பார்த்தார். ஆறு சரியாக இருந்தது. குண்டை இறக்கினார்.

மறுநாள் விடிகிற நேரம். பன்றி தின்றுவிட்டு ஓடை வழியாகக் காட்டுக்குத் திரும்புகிற இடத்தில், லைசென்ஸ் தன் பேரில் இருப்பதால் தானே சுடுவதாகச் சொல்லி, இவர் கரையோரப் புங்கமரத்தடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதிர்ப்பக்கம் கம்போடு நின்றான். நான் வீட்டில் பால் கறந்துகொண்டிருந்தேன். வெடி கேட்டது. மடியிலேயே என் கை நின்றுவிட்டது.

அது ஆறு விரல் சத்தம் இல்லை. அந்த ஒரு வாரம் முழுக்கக் கேட்டவள் நான். ஆறு விரல் என்றால் மலையில் போய் முட்டித் திரும்பும், மாடு மிரளும். இது பொத்தென்று முடிந்துபோனது. மாடு காதைக்கூட ஆட்டவில்லை. அடுத்த நொடி அண்ணன் கத்துகிற சத்தம் வந்தது. செம்பைப் போட்டுவிட்டு ஓடினேன்.

குண்டு பட்டிருக்கிறது. தோள்பட்டையில் பட்டு அந்தப் பலகைத் தோலோடு நின்றுவிட்டது. பன்றி விழவும் இல்லை, ஓடவும் இல்லை. புகை வந்த திசையைப் பார்த்து நேராகப் போயிருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியில் இரண்டாவது வெடி என்பது கிடையாது. நான் போனபோது என் வீட்டுக்காரர் மரத்தில் சாய்ந்து கிடந்தார். இடது தொடை உள்பக்கம் கிழிந்திருந்தது. என் சேலையைக் கிழித்து அண்ணன் இறுக்கிக் கட்டினான். கட்டக் கட்ட நனைந்தது.

காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ரோட்டில் வந்தது. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் யாரும் சொல்லாமலே இறங்கினார்கள். தூக்குச்சட்டிகளோடு ரோட்டோரத்தில் நின்றார்கள். இவரைக் கிடத்தினோம். தலை என் மடியில். ஆஸ்பத்திரி போகிற வழி முழுக்க அவர் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"நான் ஆறு விரல் பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன். நீயும்தான இருந்த?"

"பாத்தீக. நான் இருந்தேன். பேசாம வாங்க" என்றேன்.

"பெறகு ஏன் போகல?"

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவர் கண் திறந்திருந்தது. ஆனால் பார்வை இல்லை.

பன்றி அன்றைக்கே ஓடைக்கு மேலே செத்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. காட்டிலாகாவிலிருந்து வந்தார்கள், சாவு வீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து திரும்புகிற வழியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. மருந்தைக் கஞ்சத்தனமாகப் போட்டிருக்கிறார் என்றார்கள். பழக்கமில்லாத ஆள், கை நடுங்கிக் கொட்டியிருப்பார் என்றார்கள். என் காதுபடவே சொன்னார்கள். துக்கத்தைவிட எனக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது. இருபது வருடத்தில் அந்த மனிதர் ஒரு வாளியைக்கூடத் தளும்பவிட்டு நான் பார்த்ததில்லை.

"புது மருந்து சரியில்ல தாயி. பொசுபொசுன்னு இருக்குன்னு அவரே சொன்னாரு, நாந்தேன் மதின்னுட்டேன்" என்று அண்ணன் அழுதான். அவனைத் தேற்றவும் எனக்குத் தெம்பில்லை.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் கொண்டுபோவதாக இருந்தான். இரத்தமும் புகையுமாக அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. துக்க வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் வெந்நீர் போட்டேன். குழலுக்குள் ஊற்றினேன். கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டேன். அடியில் போய் முட்டியது. கை அங்கேயே நின்றுவிட்டது.

நான் பார்க்கவில்லை, கைதான் கண்டுபிடித்தது. கம்பி முழுக்க இறங்கிவிட்டால் என் பிடி குழல் வாயில் இடிக்கும். எத்தனை வருடப் பழக்கம். இப்போது இடிக்கவில்லை. துணியைக் கழற்றிவிட்டு வெறும் கம்பியை விட்டேன். அடியில் முட்டியது. மேலே நீட்டிக்கொண்டு நின்றது. என் விரல் வைத்துப் பார்த்தேன், மூன்று. அவர் விரலுக்கு இரண்டு இருக்கும். வெறும் குழலிலேயே இரண்டு விரல் நிற்கிற கம்பி. அதில் அவர் ஆறு விரல் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்தது நான்கு.

கம்பி எங்களுடையது இல்லை. இரும்புக் கம்பிகள் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அவ்வளவு நீளத்தில் இரண்டு விரல் கூடக் குறைய இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையடிக்கும்போது எல்லாத் துப்பாக்கியையும் கிடத்தி, கயிறு அறுந்ததைக் கட்டுகிறபோது மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். வெறும் குழலில் ஒரு தடவை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சொந்தக் கம்பியை யார் அளந்து பார்ப்பார்கள்?

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் அழட்டும் என்று விட்டுவிட்டு நான் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இன்னொன்று புத்தியில் உறைத்தது. இந்தக் கம்பிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் எங்கள் கம்பி இருக்கிறது. அவருடைய குழலுக்கு அது இரண்டு விரல் குட்டை. ஆறு விரல் வெளியே நிற்கிறவரைக்கும் அவர் கொட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே எட்டு விரல் இருக்கும். எங்கள் குண்டு போகாமல் நின்றது. அங்கே குழலே வெடிக்கும். முகத்துக்குப் பக்கத்தில்.

"நானும் வாரேன்" என்றேன்.

"மூணாம் நாளு தாயி. சனம் என்ன பேசும்?"

"பேசுனது போதாதா?"

ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்தபோது அங்கே இருந்த ஏட்டு வயதானவர், நிதானமானவர். கம்பி மாறுவது உண்டுதான் என்றார். தேவாரம், கோம்பை இரண்டு ஊர்த் துப்பாக்கிகளையும் அந்தத் தேர்தலுக்கு ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். எங்களுடையதுக்குப் பக்கத்தில் இருந்தது கோம்பைக்காரர் ஒருவருடையது என்று நினைவுபடுத்திச் சொன்னார். கம்பியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கோம்பை வரும்வரைக்கும் நான் மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அந்த வீட்டில் ஒருத்தி என்னை மாதிரி உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஊருக்கு மேற்கே தோட்டத்து வீடு. கட்டிக் கிடந்த செவலை நாய் குரைத்தது. அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும், பத்து விரலும் முழுசாக. யாரும் சொல்லாமலே நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் கம்பியைக் காட்டி, மாறிப்போன விஷயத்தைச் சொன்னான். எட்டு விரல் ஆகிவிடும், தயவு செய்து மருந்து போடாதீர்கள் என்றான்.

"அட, அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றார். உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தார். எங்கள் கம்பியின் நுனியில் இரண்டு விரல் நீளத்துக்கு மூங்கில் குச்சி வைத்து, ஒயர்காரர்கள் சுற்றுகிற கறுப்பு டேப்பால் கெட்டியாகச் சுற்றியிருந்தது.

"வாங்கியாந்த அன்னைக்கே விட்டுப் பாத்தேன். உள்ள அமுங்கிப் போச்சு. சரி, கம்பி மாறியிருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இந்தா, ஒட்டுப் போட்டு வச்சுருக்கேன்ல."

"அப்ப உங்க கம்பி இன்னொருத்தர் வீட்டுல இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன ஆத்தா? அது ரெண்டு விரல் நீளம்ல, அங்கன நீட்டிக்கிட்டு நிக்கும். அவுகளும் விட்டுப் பாப்பாகதான. அடுத்த எலக்சனுக்குத் துப்பாக்கி வைக்கப் போகையில மாத்திக்கிடலாம்னு இருந்தேன்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே தன் கம்பியை அண்ணன் கையிலிருந்து வாங்கி, துப்பாக்கி வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, குழலுக்குள் விட்டார். வாயோடு மட்டமாக நின்றது. "சரியா நிக்குது" என்றார். பிறகுதான் என் முகத்தையும், காலில் செருப்புக்கூட இல்லாமல் வந்திருந்த என்னையும், அழுது வீங்கிய அண்ணனையும் சேர்த்துப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அண்ணன்தான் சொன்னான், எங்கள் வீட்டில் நடந்ததை. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். அவர் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

யார் கம்பி என்று அவர் ஏட்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோம்பையிலிருந்து தேவாரத்துக்குப் பஸ் இருக்கிறது. போகிற ஆளிடம் சொல்லிவிட்டிருந்தால்கூடப் போதும். இதையெல்லாம் நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனவள் நான். உயிரோடு இருந்தார். அந்த வீட்டு வாசலில் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கொலைவெறி. கையில் இருந்த செம்பை அவர் மேல் எறியாமல் கீழே வைப்பதற்கு எனக்கு இருந்த பலம் எல்லாம் தேவைப்பட்டது.

ஒட்டுப் போட்ட மூங்கிலைப் பிய்த்துவிட்டு, எங்கள் கம்பியை வேட்டியால் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் புறப்படும்வரை வெயிலில் நின்றார். அப்புறம் முப்பதாம் நாள் பூசைக்கும் வந்து, கோயிலின் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு பல வருடம், கடலை பறிக்கிற காலத்தில் ஆள் கிடைக்காமல் நான் தவித்தால், கோம்பையிலிருந்து ஒரு வண்டி ஆள் அவர் சொல்லித்தான் வந்து இறங்கும்.

"நல்ல மனுசன் தாயி" என்பான் அண்ணன், ஒவ்வொரு தடவையும்.

நல்ல மனிதர்தான். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.